பள்ளிக்கூடம் கட்டியது யார், பணம் கட்டியது யார்?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளின் பணக் கணக்கு பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பாதிக் கடிதங்கள் தாத்தா காலத்தைக் கேட்கின்றன, மீதி இந்த வருட ஃபீஸைக் கேட்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறோம்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): ஐயா, "நம்மவர்கள் கைக்காசு போட்டுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆப்பிரிக்கர்களுக்கு மிஷனும் அரசாங்கமும் இனாமாகக் கொடுத்தன" என்று எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். இது சரியா?

பதில்: முன்பாதி சரி. பின்பாதி தவறு, அதுவும் கணக்கைப் பார்த்தால் தலைகீழான தவறு.

நேட்டாலில் 1849 முதல் ஆப்பிரிக்கர்கள் குடிசை ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ஷில்லிங் வரி கட்டினார்கள். 1875இல் அது 14 ஷில்லிங் ஆனது. 1856ஆம் ஆண்டு அரச சாசனத்தில் "சுதேசிகளின் நலனுக்கு" என்று ஆண்டுக்கு 5,000 பவுன் ஒதுக்கப்பட்டது; மிஷன் பள்ளிகளுக்குப் போன உதவிப் பணத்துக்கு அதுதான் ஊற்று. கொடுத்தது கவர்னர் கை என்றாலும், குடிசைக்காரர்கள் கட்டிய வரி அந்த ஒதுக்கீட்டைவிட எவ்வளவோ பெரிது.

நான்கு காலனிகள் 1910இல் ஒன்றான பிறகு வந்த யூனியன் காலத்தில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 1925ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின்படி வயதுவந்த ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1 பவுன் தலைவரி கட்ட வேண்டும். ஆப்பிரிக்கக் கல்விக்கு அரசு தருவது மாறாத 3,40,000 பவுன். அதற்கு மேல் அந்தத் தலைவரியிலேயே ஐந்தில் ஒரு பங்கு. பிள்ளைகள் கூடினாலும் 3,40,000 கூடாது. கூடுதல் செலவை வரி கட்டுகிறவர்களே தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளையர் பள்ளிகளுக்கு இப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. 1945இல்தான் இந்த முடிச்சை அவிழ்த்துப் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த மூச்சு பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. ஆப்பிரிக்கர் கல்வியை ஆராய்ந்த ஐசலன் கமிஷன் 1951இல் அறிக்கை கொடுத்தது. 1953இல் ஆப்பிரிக்கர் பள்ளிகளை மத்திய அரசின் கையில் கொடுத்த பாண்டு கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சுதேச விவகார அமைச்சர் வெர்வூர்ட். 1955 முதல் பழைய முடிச்சை இன்னும் இறுக்கினார்கள்: பொதுக் கருவூலத்திலிருந்து நிரந்தரமாக 65 லட்சம் பவுன் (பிற்கால நாணயத்தில் 130 லட்சம் ராண்ட்), அதனுடன் ஆப்பிரிக்கர்களின் தலைவரியில் ஐந்தில் நான்கு பங்கு. 1955இல் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த மாணவர் தொகை 1965க்குள் 20 லட்சத்தை நெருங்கியது. கருவூலப் பங்கோ நகரவில்லை. இந்தத் தனிக்கணக்கு 1972 வரை நீடித்தது.

அதன் பலன் வகுப்பறையில் தெரிந்தது. சிறு வகுப்புகளில் ஒரே ஆசிரியர் காலையில் ஒரு கூட்டத்துக்கும் பிறகு இன்னொரு கூட்டத்துக்கும் மூன்று மூன்று மணி நேரம் பாடம் நடத்தினார். பள்ளியைக் கூட்டிப் பெருக்குவது பிள்ளைகள் வேலை ஆனது. கிராமத்தில் கட்டடம் வேண்டுமானால் பாதிச் செலவைப் பெற்றோர் திரட்ட வேண்டும். நகரத்தில் வீட்டு வாடகையோடு பள்ளிக்கூட வரியும் சேர்ந்து வந்தது. ஆக, "இனாம்" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

மிஷன்களும் இனாமாக நடத்தவில்லை, நடத்தவும் விடவில்லை. 5,000க்கு மேற்பட்ட மிஷன் பள்ளிகள் அரசு மானியத்தில் ஓடின. "பள்ளியை ஒப்படையுங்கள், இல்லையென்றால் மானியம் படிப்படியாக நிற்கும்" என்றது அரசு. பெரும்பாலானவை ஒப்படைத்தன. கத்தோலிக்கர்கள் சபையாரிடம் வசூல் செய்து தங்கள் பள்ளிகளைத் தக்கவைத்தார்கள். டர்பனுக்குத் தெற்கே 1853இல் தொடங்கிய ஆடம்ஸ் கல்லூரி 1956 முடிவில் கைமாறியது. 1869இல் தொடங்கிய இனாண்டா பெண்கள் பள்ளி தனியார் பள்ளியாகத் தப்பியது. அதே இனாண்டா வட்டாரத்தில்தான் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளி இருக்கிறது. ஆப்பிரிக்கர் ஒருவர் நிதி திரட்டி 1901இல் நிறுவியது அது. நம் சபாக்காரர்கள் உண்டியல் தூக்கிப் போனதற்கு அது எந்த விதத்தில் குறைந்தது?

கேள்வி (வெருலம்): "பவுனுக்குப் பவுன்" என்று பழைய சபா மினிட் புத்தகத்தில் அடிக்கடி வருகிறது. அது எப்படி நடந்தது?

பதில்: நேட்டாலில் இந்தியர் பள்ளிகள் இரண்டு வகை. மாகாணமே கட்டி நடத்தியது அரசுப் பள்ளி. ஊரார் கட்டி, மாகாணம் சம்பளம் கொடுத்தது எயிடட் பள்ளி, அதாவது மானியப் பள்ளி. எண்ணிக்கையில் இரண்டாவது வகைதான் மிக அதிகம்.

நடைமுறை இது. கோவில் கமிட்டியோ மசூதியோ சபாவோ நிலம் வாங்கும், அல்லது கரும்புத் தோட்டக் கம்பெனியிடம் கேட்டுப் பெறும். வரைபடம் மாகாணக் கல்வித் துறைக்குப் போகும். அனுமதி வந்ததும் ஊரார் தங்கள் பாதியைக் காட்ட வேண்டும். மாகாணம் மறுபாதியைத் தரும். இதுதான் பவுனுக்குப் பவுன். கட்டி முடித்தபின் ஆசிரியர் சம்பளம் மாகாணத்துடையது, கட்டடப் பராமரிப்பு ஊராருடையது. மானியத்தைக் கையெழுத்திட்டு வாங்கும் ஊர்ப் பிரமுகரை "கிராண்டி" என்பார்கள். உங்கள் மினிட் புத்தகத்திலும் அந்தச் சொல் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கோளாறு எங்கே வந்தது? ஒன்று, அனுமதி வரும் வரை செங்கல் விலை காத்திருக்காது. கூடிய தொகை ஊரார் தலையில் விழும். இரண்டு, பணம் உள்ள ஊருக்கே மறுபாதிப் பணமும் போகும். சொந்தப் பாதியைத் திரட்ட முடியாத தோட்டத்து லயன் பிள்ளைகளுக்கு மாகாணத்தின் பாதியும் கிடைக்காது. ஏழைக்கு இரட்டை நஷ்டம் தரும் இந்த முறையைச் சமத்துவம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மூன்று, இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊர்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டு குழுப் பகுதிச் சட்டம். கேட்டோ மேனர் போன்ற இடங்களில் ஊரையே பெயர்த்துச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது, பிள்ளைகள் புது ஊரில், ஊரார் காசில் எழுந்த சுவர் பழைய ஊரில் என்றானது.

இடப் பற்றாக்குறைக்கு 1950களில் கண்ட மருந்துதான் "பிளட்டூன்" பள்ளி: ஒரே கட்டடம், காலை ஒரு பள்ளி, மத்தியானம் வேறொரு பள்ளி. இந்திய ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே கட்டட நிதிக்குப் பணம் கொடுத்த காலமும் அதுதான்.

சாஸ்திரி கல்லூரியும் இதே கதைதான். 1927 கேப் டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த இந்திய அரசின் முதல் ஏஜென்ட் சீனிவாச சாஸ்திரியார் ஊர் ஊராகப் பேசினார். கட்டடத்துக்கு இந்தியச் சமூகம் பணம் போட்டது. 1929இல் பள்ளி திறந்தது.

இன்றைக்கும் உதவும் ஒரு விஷயம். 1966 ஏப்ரலில் நேட்டாலின் இந்தியர் கல்வி மத்திய அரசின் இந்திய விவகாரத் துறைக்கு மாறியது. ஆனால் எல்லாப் பள்ளி நிலமும் அரசின் பெயருக்கு மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நில எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் இன்னும் சபாவோ டிரஸ்டோ இருந்தால் அது "தனியார் நிலத்தில் உள்ள பொதுப் பள்ளி". 1996 பள்ளிச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூரை ஒழுகும்போதுதான் சண்டை வரும்: "உன் கட்டடம்" என்பார் ஒருவர், "உன் பள்ளி" என்பார் மற்றவர்.

கேள்வி (டொங்காட்): பழைய 3 பவுன் வரி பள்ளிக்கூடங்களுக்காகப் போட்டதா?

பதில்: இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியக் கூலித் தொழிலாளியைத் திரும்ப ஒப்பந்தத்துக்கோ இந்தியாவுக்கோ தள்ளுவதற்காக 1895இல் போட்டது. 1914இல் நீக்கப்பட்டது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், கல்லூரி மாணவி): ஒரு கட்டுரையில் பிள்ளை ஒன்றுக்கு "17" என்றும், இன்னொன்றில் "9" என்றும் இருக்கிறது. இரண்டும் 1953-54ஆம் ஆண்டாம். எது சரி?

பதில்: இரண்டும் சரி, நாணயம்தான் வேறு. 1961 பிப்ரவரி 14 அன்று பவுன் போய் ராண்ட் வந்தது. 1 பவுனுக்கு 2 ராண்ட். பழைய அறிக்கையில் ஏறத்தாழ 9 பவுன் என்று இருப்பதைப் பிற்காலத்தவர் 17 ராண்ட் என்று எழுதுகிறார்கள். துல்லியமாகப் பெருக்கிப் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம், இரண்டுமே முழு எண்ணாக்கியவை.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரிசை இது. 1953-54இல் வெள்ளையப் பிள்ளைக்கு 128 ராண்ட், இந்திய, கலப்பினப் பிள்ளைகளுக்கு 40, ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு 17. 1969-70இல் 282, 81 (இந்தியர்), 73 (கலப்பினத்தவர்), 17. 1975-76இல் 644, 189, 139, 42.

கட்டுரை எழுதும்போது மூன்று இடங்களில் சறுக்குவார்கள், கவனியுங்கள். பதினாறு வருடம் 17 ராண்ட் 17 ராண்டாகவே நின்றது என்றால், விலைவாசி ஏற ஏற அதன் உண்மை மதிப்பு இறங்கிவிட்டது என்று பொருள். "மாறவில்லை" என்று எழுதினால் தவறு. இரண்டாவது, இது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கான சராசரி. பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை. மூன்றாவது, 40க்கும் 17க்கும் இடையிலுள்ள இடைவெளியை விட்டுவிட்டு 128ஐயும் 40ஐயும் மட்டும் ஒப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நமக்கு மேலே பார்க்கத் தெரிந்த அளவு கீழே பார்க்கத் தெரிவதில்லை.

கேள்வி (ஐசிபிங்கோ): இந்த நாட்டில் முதல் பள்ளிக்கூடம் எது?

பதில்: ஐரோப்பியர் வைத்த பள்ளிகளில் என்று திருத்திக்கொண்டால், 1658 ஏப்ரலில் கேப்பில் அடிமைகளுக்காக டச்சுத் தளபதி வான் ரீபெக் திறந்தது. வந்து உட்காரக் கூலியாகப் பிராந்தியும் புகையிலையும் கொடுத்தார்கள். சத்துணவுத் திட்டத்தின் முன்னோடி என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு தாய்): பையனின் அரசுப் பள்ளியில் ஆண்டு ஃபீஸ் 9,600 ராண்ட். என் கணவருக்கு மாதம் 5,500, எனக்கு 3,500. கட்ட முடியவில்லை. ரிப்போர்ட் தர மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, ஃபீஸ் பாக்கிக்காக ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளையைச் சேர்க்க மறுப்பது, வகுப்பிலோ விளையாட்டிலோ ஒதுக்கி வைப்பது, இவையும் கூடாது. பாக்கி பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள கடன். பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

உங்களுக்குச் சலுகை கிடைக்குமா என்று கணக்குப் போடுவோம். 2006ஆம் ஆண்டு விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆண்டு ஃபீஸையும், பிள்ளை பள்ளி நிகழ்ச்சிகளில் பங்கெடுக்கப் பள்ளிக்கே கட்டும் மற்றத் தொகைகளையும் கூட்டுங்கள். 100ஆல் பெருக்குங்கள். பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தால் வகுங்கள். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2க்கும் 10க்கும் நடுவில் என்றால் அட்டவணைப்படி பாதியோ காலோ குறையும். பள்ளி வயதுப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் அதிகம் குறையும். 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒன்றும் இல்லை.

உங்கள் வருமானம் மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. வெறும் ஃபீஸை வைத்தால் 8.89, பகுதி விலக்குத்தான். ஆனால் பள்ளிக்குக் கட்டாயமாகக் கட்டிய மற்றத் தொகைகள் ஆண்டுக்கு 1,440 ராண்ட் என்று வையுங்கள். 11,040ஐ வைத்துப் போட்டால் 10.22. முழு விலக்கு! பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது தொகையில்தான். ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

இன்னொரு தவறு, கையில் வாங்கும் சம்பளத்தை எழுதுவது. பிடித்தம் போகும் முன் உள்ள மொத்தச் சம்பளம்தான் கணக்கு. சம்பளச் சீட்டில் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கொடுத்த 5,500ம் 3,500ம் எந்தச் சம்பளம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு, ரசீதுகளின் நகல் வைத்துக் கொடுங்கள். கொடுத்த தேதியைப் போட்டுப் பள்ளி முத்திரையுடன் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது விண்ணப்பம் ஆகாது. நிர்வாகக் குழு மறுத்தால், அந்த முடிவு கைக்கு வந்து 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். விலக்கு அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும்; ஜனவரியில் மறுபடியும் எழுத வேண்டும்.

குழந்தை பெயரில் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களும், வளர்ப்புப் பிள்ளைகளும் தானாகவே முழு விலக்குக்கு உரியவர்கள். சூத்திரமே வேண்டாம், சான்று காட்டினால் போதும்.

பள்ளிகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலக்குக் கொடுத்த பணத்தை அரசு முழுதாக ஈடு செய்வதில்லை. வருவது சொற்பம், அதுவும் தாமதமாக. அந்த ஓட்டையைக் கட்டுகிற பெற்றோரின் ஃபீஸால்தான் அடைக்கிறார்கள். தாத்தா காலத்துப் பவுனுக்குப் பவுன் வேறு வேடத்தில் வந்திருக்கிறது: அரசுப் பதவியில் உள்ள ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து, மீதிக்குப் பெற்றோர்.

கேள்வி (மெரிபாங்க், நிர்வாகக் குழு உறுப்பினர்): எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தகரக் குடிசைப் பகுதியிலிருந்து டாக்ஸியில் வருகிறார்கள். ஆனால் பள்ளிக்குக் "குவின்டைல் 5" என்று முத்திரை. ஏன்?

பதில்: குவின்டைல் என்பது 1 (மிக ஏழை) முதல் 5 வரை பள்ளிகளுக்குப் போடும் தரவரிசை. அதைப் போடுவது பிள்ளையைப் பார்த்து அல்ல, பள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்தைப் பார்த்து. அங்கே குடியிருப்பவர்களின் வருமானம், வேலையின்மை, படிப்பு ஆகியவற்றை மக்கள் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் மாடி வீடு இருந்தால் டாக்ஸியில் வரும் பிள்ளையும் பணக்காரப் பிள்ளை. 1, 2, 3 ஃபீஸ் இல்லாப் பள்ளிகள் (1, 2 ஆகியவை 2007 முதல்; 3 பிறகு சேர்ந்தது). 4, 5 ஃபீஸ் வாங்கலாம்.

மாற்றக் கேட்கலாம். மாகாணத் துறைத் தலைவருக்கு நிர்வாகக் குழு எழுத வேண்டும். "எங்கள் பிள்ளைகள் மிக ஏழைகள்" என்று இரண்டு பக்கம் உருகினால் பலன் இராது. வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் வீட்டு முகவரி, உதவித்தொகை வாங்குவோர் எண்ணிக்கை, மூன்று வருட விலக்குப் பட்டியல், ஃபீஸ் வசூல் விகிதம், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை இருக்க வேண்டும்.

எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். உதாரணமாக 800 பிள்ளைகள், ஃபீஸ் 4,000 ராண்ட், கட்டுவது 100க்கு 30 பேர் என்றால் கைக்கு வருவது 9,60,000. ஃபீஸ் இல்லாப் பள்ளிக்குத் தேசிய இலக்குத் தொகை 2023இல் பிள்ளைக்கு 1,602 ராண்ட். 800 பேருக்கு 12,81,600. லாபம் மாதிரி தெரிகிறது. ஆனால் க்வாஸூலு-நேட்டால் பல ஆண்டுகள் கொடுத்தது 955 ராண்ட்தான்; 7,64,000. இப்போது வரும் சிறிய ஒதுக்கீடும் இதற்குள் அடக்கம் என்பதால் நஷ்டம் இன்னும் கூடும். ஃபீஸிலிருந்து சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள், முதலில் அவர்கள் வேலைதான் போகும். வசூல் 100க்கு 15 பேருக்குக் கீழே இறங்கிவிட்ட பள்ளி தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி (லெனேசியா): 40 பிள்ளைகள் கேட்டால் தமிழ் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

பதில்: அந்த 40 வேறு. 1997 மொழிக் கொள்கையில், 1 முதல் 6ஆம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 40 பேரும், 7 முதல் 12 வரை 35 பேரும் கேட்டால், அந்த மொழியில் *எல்லாப் பாடங்களையும்* நடத்துவது சாத்தியம் என்று கொள்ள வேண்டும் என்கிறது. தமிழைப் பாடமாக வைப்பதற்கு அந்த எண் பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறது, ஆனால் அங்கே கேட்பது மொழிக்கு மதிப்பு. ஆசிரியர் பதவி அல்ல.

முட்டுக்கட்டை பதவியில்தான். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது மாணவர் தொகையை வைத்து முடிவாகும். அந்தக் கூடைக்குள்ளிருந்து தமிழுக்கு ஒன்று எடுத்தால் கணக்கிலோ விஞ்ஞானத்திலோ ஒன்று குறையும், தலைமையாசிரியர் சம்மதிக்க மாட்டார். அதனால் சம்பளத்தை நிர்வாகக் குழுவோ தமிழ்ச் சங்கமோ ஏற்கும் ஏற்பாட்டோடு போனால் கதவு திறக்கும். ஆசிரியருக்குத் தென்னாப்பிரிக்க ஆசிரியர் கவுன்சில் பதிவு கட்டாயம். கோவிலில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது மட்டும் போதாது. அடுத்த ஆண்டின் பதவிகளையும் பணத்தையும் துறை பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டிய கெடு செப்டம்பர் 30. ஆகவே பெற்றோர் கையெழுத்துப் பட்டியலை ஜூனிலேயே கொடுங்கள். நவம்பரில் போனால் நேர அட்டவணை போட்டு முடித்திருப்பார்கள்.

கேள்வி (ஸ்டாங்கர்): எங்கள் பழைய மானியப் பள்ளியின் வரலாற்றை மலராகப் போடுகிறோம். ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

பதில்: முதலில் பள்ளி அலமாரி. லாக் புத்தகம், சேர்க்கைப் பதிவேடு இரண்டையும் யாரும் குப்பையில் போடுவதற்கு முன் எடுங்கள். இன்ஸ்பெக்டர் வந்த நாள், பிளட்டூன் தொடங்கிய நாள், கூரை பறந்த நாள் எல்லாம் லாக் புத்தகத்தில் இருக்கும்.

பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். போகும் முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் நேட்டால் பிரிவைத் தேர்ந்து ஊர்ப் பெயரையும் "இந்தியன் ஸ்கூல்" என்பதையும் ஆங்கிலத்தில் போடுங்கள். கிடைக்கும் தொகுதி எண், கோப்பு எண் இரண்டையும் எழுதிக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம். குடியேற்ற காலத்துக்கு இந்தியக் குடியேற்ற அலுவலகக் கோப்புகளையும் காலனிச் செயலர் கோப்புகளையும் பாருங்கள். 1878 முதல் 1894 வரை இந்தியப் பள்ளிகளுக்கென்று தனி வாரியம் இருந்தது. பக்கத்து ஜூலு மிஷன் பள்ளி எவ்வளவு மானியம் வாங்கியது என்று ஒப்பிட விரும்பினால் சுதேச விவகாரச் செயலர் கோப்புகள் அங்கேயே உண்டு. மலரில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் சங்க மலர்கள், பழைய செய்தித்தாள் வெட்டுகள் கிடைக்கும்.

பெயர்தான் பெரிய தொல்லை. மூட்லி என்று தேடிக் கிடைக்காதது முதலி என்பதன் வேறு நான்கு ஆங்கில எழுத்துக்கோவைகளில் கிடைக்கும். கிராண்டியின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அப்பா பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருக்கும். பெயரில் சிக்கினால் நில எண்ணை வைத்துத் தேடுங்கள்.